பதினோராவது மைனஸ்

நீர்த்த சுண்ணாம்பின் மணம் வந்தால் எனக்கு ஓட வேண்டும் போல இருக்கும். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது வருமே, அந்த மணம்தான். மூக்கில் கொஞ்சம் எரியும். அதற்கு அடியில் ஈரமண் வாசனை. மற்றவர்களுக்கு அந்த மணத்தில் தைப்பொங்கல் ஞாபகம் வரும், கலியாண வீடு ஞாபகம் வரும். எனக்குச் சோடியம் ஞாபகம் வரும்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஓ.எல். சோதனை எழுதினேன், அதோடு நின்றேன். இப்போது வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் ரோல்ஸும் பற்றிஸும் பொரித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். விஞ்ஞானத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒரு சோடியம் அணுவுக்குள் பதினொரு புரோத்தன், பதினொரு இலத்திரன். இது எனக்கு மறக்காது. ஏனென்றால் நான் அதற்குள் இருந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா புறக்கோட்டையில் நாட்டாமை. லொறியில் வரும் மூட்டையைக் கைவண்டியில் ஏற்றிக் கடைக்குத் தள்ளுகிற வேலை. அம்மா தையல் தொழிற்சாலைக்குப் போனா. இரண்டு பேரும் அதிகம் கதைக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "வந்தேன் மிஸ்" என்பேன். அன்றைக்கு என் பேச்சு அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மூன்று பக்கமும் கட்டடம், நடுவில் மண் முற்றம், ஒரு மூலையில் ஜம்பு மரம். துறைமுகப் பக்கத்துக் காற்று அடித்தால் கப்பல் ஊதுவது வகுப்புக்குள் கேட்கும். யாராவது ஒருத்தி அதே மாதிரி ஊதிக் காட்டுவாள். மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தால் இரண்டு மூன்று கப்பல் சேர்ந்து ஊதும்.

ஒன்பதாம் ஆண்டில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவ வனஜா மிஸ். மெலிந்த ஆள். குரல் மட்டும் பெரிது. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது செய்துகாட்ட வேண்டும். பக்கத்து வகுப்பு எரிமலை செய்வதாக முதலே பதிந்துவிட்டது. எங்களிடம் ஒன்றுமில்லை. மிஸ் வாசலில் நின்று எங்களைப் பார்த்தா.

"எத்தனை பேர் இருக்கிறீங்க?"

"இருபத்திரண்டு மிஸ்."

"ரெண்டாப் பிரிச்சா?"

"பதினொண்டு."

"சரி. நாங்க சோடியம்."

அப்படித்தான் எங்கள் எண்ணிக்கை எங்களைச் சோடியமாக்கியது. பத்தாம் ஆண்டில் முப்பத்திரண்டு பேர். அவர்கள் செய்திருந்தால் கந்தகம் ஆகியிருப்பார்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போவோம். ஏன் என்று அவர்களுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

மிஸ் சொன்ன திட்டம் இதுதான். அணுவை அட்டையில் கீறி ஒட்டப் போவதில்லை. நாங்களே அணு. முற்றத்தின் நடுவில் பதினொரு பேர் நெருக்கி நிற்க வேண்டும். அவர்கள் புரோத்தன். அவர்களைச் சுற்றி மூன்று வட்டம். உள் வட்டத்தில் இரண்டு பேர், அடுத்ததில் எட்டுப் பேர், வெளி வட்டத்தில் ஒருத்தி. அந்தப் பதினொரு பேரும் இலத்திரன். இலத்திரன் ஓட வேண்டும். புரோத்தன் நிற்க வேண்டும். புரோத்தனின் நெஞ்சில் சிவப்புப் பிளஸ், இலத்திரனின் நெஞ்சில் நீல மைனஸ்.

"பதினொரு பிளஸ், பதினொரு மைனஸ். ரெண்டையும் சேத்தா என்ன வரும்?"

"சைபர் மிஸ்."

"அதுதான் நடுநிலை. உள்ளுக்குள்ள இவ்வளவு பேர் இருந்தாலும் வெளியில நிண்டு பாக்கிற ஆளுக்கு ஒரு மின்னேற்றமும் இல்லை. அமைதியான சாமான்."

நாங்கள் இருபத்திரண்டு பேரும் சேர்ந்து ஒரு அமைதியான சாமான் என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது.

புரோத்தன்களோடு கூட நியூத்திரன் பன்னிரண்டு வேண்டும். அதற்கு மூன்றாம் ஆண்டுச் சின்னதுகளைக் கேட்டு வாங்கினோம். நியூத்திரனுக்குப் பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை. எங்கள் குறுகலான ஒழுங்கையில் தடியால் பந்தடிக்கிற எல்லே விளையாடும்போது ஆள் ஒற்றையாக வந்தால், மிஞ்சுகிற சின்னதை "பொது" என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கத்துக்கும் கணக்கில்லை. நியூத்திரனும் அந்த மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். சின்னதுகள் புரோத்தன்களின் காலுக்குள் குந்தியிருக்க வேண்டும். ஆளுக்கொரு டொபி. அவர்களுக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

உண்மையான இலத்திரன் இப்படிக் கோடு போட்ட வட்டத்தில் ஓடாது, அதையெல்லாம் பெரிய வகுப்பில் படிப்பீர்கள் என்றும் மிஸ் சொன்னா. நான் பெரிய வகுப்புக்குப் போகவில்லை. என்னுடைய இலத்திரன் இன்னமும் வட்டத்தில்தான் ஓடுகிறது.

எனக்கு அந்த வெளி வட்டம் வேண்டும். மிஸ் அதைச் சுண்ணாம்பால் கீறும்போதே வேண்டும் என்று இருந்தது. ஒரு பழைய வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, தும்புத்தடியால் இழுத்துக்கொண்டு போனா. உள் வட்டங்கள் சின்னது. வெளி வட்டம் முற்றம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஜம்பு மரத்துக்கு அடியால் போய், பள்ளிக்கூட அதிபரின் அறை வாசலைத் தொட்டு, கேற்றடியால் திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய இடத்தில் ஒருத்தி மட்டும் ஓடலாம். அதுவரை பள்ளிக்கூடத்தில் எனக்கென்று ஒரு இடம் கிடைத்ததில்லை. நாடகத்தில் மரம், பாட்டில் கடைசி வரிசை. போட்டோவில் எப்போதும் யாருடையதோ தலைக்குப் பின்னால் என் நெற்றி மட்டும் தெரியும்.

யார் என்னவென்று சீட்டுக் குலுக்கினோம். நான் எடுத்ததில் "பிளஸ்" என்று இருந்தது. வெளி வட்டம் துஷிக்கு விழுந்தது.

துஷியின் அப்பாவுக்குச் செட்டியார் தெருவில் நகைக்கடை. நல்ல பிள்ளை. ஆனால் ஓடத் தெரியாது. இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சேற்றைத் தாண்டுகிற மாதிரி ஓடுவாள். முதல் நாள் பழக்கத்தில் பாதி வட்டத்தில் நின்று ஜம்பு பொறுக்கித் தின்றாள்.

"ஏன்டி நிண்டாய்? நீ நிண்டா அணு நிண்டு போகும்!" என்று மற்றவர்கள் கத்தினார்கள்.

"தண்ணி விடாய்க்குது," என்றாள்.

நான் நடுவில் நெருக்கத்துக்குள் நின்று பார்த்தேன். என் காலடியில் ஒரு நியூத்திரன் என் சட்டைக் கரையைப் பிடித்துக்கொண்டு டொபி சூப்பியது. புரோத்தன் வேலை பஸ்ஸில் நிற்கிற மாதிரி. சீட்டில் விழுந்தது விழுந்ததுதான்.

நெஞ்சில் கட்டுகிற அட்டைக்குப் பெட்டி தேவைப்பட்டது. அப்பாவிடம் சொன்னேன். அடுத்த நாள் புறக்கோட்டையிலிருந்து ஒரு கட்டு மட்டை கொண்டுவந்து கதவடியில் போட்டார். எல்லாம் சவர்க்காரப் பெட்டி. முன்பக்கம் கடதாசி ஒட்டிப் பிளஸ், மைனஸ் எழுதினோம். பின்பக்கம் சவர்க்காரத்தின் பெயர் அப்படியே இருந்தது. வகுப்பு முழுக்கச் சவர்க்கார மணம். இவ்வளவு சுத்தமான அணு எங்கேயும் இருந்திருக்காது என்று மிஸ் சொன்னா.

பிறகுதான் துஷியின் அம்மா வந்தா.

கனத்த ஆள். நடந்தால் வளையல் சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வரும். இடைவேளை நேரம். நாங்கள் எல்லோரும் யன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டோம்.

"மிஸ், என்ட பிள்ளையின்ட நெஞ்சில மைனஸ் எண்டு எழுதியிருக்காம்?"

"அது இலத்திரன்ட குறி அம்மா."

"குறியோ என்னவோ. வீட்டில மூத்த பிள்ளை. சாதகத்தில ஒரு குறையும் இல்லை. நீங்க ஏன் குறை எழுதிறீங்க?"

"குறை இல்லை அம்மா. ரெண்டு விதமான ஏற்றம் இருக்கு. ஒண்டுக்குப் பிளஸ் எண்டும் மற்றதுக்கு மைனஸ் எண்டும் பேர் வச்சிருக்கினம். ரெண்டும் ஒரே அளவு. ஒண்டு பெரிசு, மற்றது சிறிசு எண்டில்லை."

"அப்ப ஒரே அளவெண்டா, பிளஸ்ஸையே குடுங்கோவன்."

"எல்லாருக்கும் பிளஸ் குடுத்தா அணு நிக்காதம்மா. பிளஸ்ஸுக்குப் பிளஸ் ஒத்துவராது. ஒண்டுக்கு ஒண்டு மைனஸ் வேணும்."

"அது மற்றப் பிள்ளையள் இருக்கட்டும். கண்காட்சியில போட்டோ எடுப்பீங்களாம். நாளைக்கு ஆராவது சம்பந்தத்துக்கு வந்து அதைப் பாத்தா?"

"அவவுக்குப் பதினாலு வயசுதானே?"

"போட்டோ அழியாதே மிஸ்."

உண்மையில் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு மைனஸ் என்றால் புள்ளி வெட்டுவதுதான். சிவப்புப் பேனையால் கொப்பியில் போடுவது. அதை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஊருக்கு முன்னால் ஓடச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும். செய்தி ஒழுங்கைக்கு ஒழுங்கை போயிருந்தது. ஏற்கெனவே மைனஸாக இருந்தவர்கள் வீட்டில் சொல்லாமல் ஒளித்துக்கொண்டார்கள். பிளஸ்ஸாக இருந்தவர்கள் சீட்டை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் காட்டினார்கள்.

மிஸ் வகுப்புக்குள் வந்து கேட்டா. "துஷியோட ஆர் மாறப்போறீங்க? பிளஸ்ஸில இருந்து ஒராள் மைனஸுக்கு வர வேணும்."

ஒருவரும் அசையவில்லை. நான் கையை உயர்த்தினேன்.

"நீயோ செல்வி? வெளி வட்டம். முழு முற்றமும் ஓட வேணும்."

"ஓடுவன் மிஸ்."

"வீட்டில கேட்டிட்டு வா. எனக்கு இன்னொரு அம்மா வேண்டாம்."

பின்னேரம் சோறு தின்னும்போது கேட்டேன். அம்மா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"மைனஸ் எண்டா குறைவாமே? வேலையிடத்திலயும் கதைச்சவளவை."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்களிட்ட குறையிறதுக்கு என்ன கிடக்கு," என்றார். "ஓடட்டும்."

அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இடைவேளைக்குப் பிறகு பழக்கம். சுண்ணாம்பு அழிந்த இடத்தில் மிஸ் திரும்பவும் கீறுவா. காலில் செருப்பில்லை. ஓடினால் உள்ளங்காலில் வெள்ளை ஒட்டும். ஜம்பு மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழத்தில் கால் படும், நசியும், வழுக்கும். நடுவில் பிளஸ்கள் நின்று என்னைப் பார்த்துக் கை தட்டுவார்கள். "ஓடு செல்வி, ஓடு, சோடியம் சாகப்போகுது!" என்று கத்துவார்கள். துஷிதான் அதிகம் கத்துவாள். அவளுக்கு நிற்பது சந்தோஷம், எனக்கு ஓடுவது சந்தோஷம்.

மிஸ் எங்களுக்கு இன்னொன்றும் சொல்லித் தந்தா. வெளியில் ஓடுகிற அந்த ஒருத்திதான் சோடியத்தில் கெதியாகக் கழன்று போகிற ஆள். உள்ளுக்குள் இருக்கிறவர்கள் இறுக்கமாக இருப்பார்கள். அவள் தூரத்தில் இருக்கிறதால் பிடி தளர்வு. அவள் போனால் மிச்சம் இருப்பது பதினொரு பிளஸ்ஸும் பத்து மைனஸும். அது பிறகு நடுநிலை இல்லை. அதற்கு அயன் என்று பெயர்.

"அப்ப செல்வியை ஆரும் பிடிச்சு வையுங்கோடி," என்றாள் துஷி.

கண்காட்சி நாள் வந்தது. யுத்த காலம் அது; கேற்றில் ஆமிக்காரர் இரண்டு பேர் வந்தவர்களின் பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். தாய்மார் எல்லோரும் கூறைச்சீலை கட்டிக்கொண்டு வந்தது போல வந்திருந்தார்கள். துஷியின் அம்மா பச்சைச் சீலை. சத்தம் முதலில் வந்தது. படம் எடுக்க ஸ்டூடியோ நானா வந்திருந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ஒழுங்கை முனையில் அவருடைய ஸ்டூடியோ. எங்கள் எல்லோருடைய அடையாள அட்டைப் படமும் அவர் எடுத்ததுதான். ஒருவரையும் அவர் சிரிக்க விட்டதில்லை.

வகுப்பறைச் சுவரில் ஆணிகளில் அட்டைகள் தொங்கின. ஒவ்வொருத்தியாக எடுத்துக் கட்டினோம். கடைசியில் ஒரு ஆணியில் ஒரு நீல அட்டை மட்டும் மிஞ்சி நின்றது.

நிரோஷா வரவில்லை. அவள் இரண்டாம் வட்டத்து எட்டுப் பேரில் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் அவளுடைய அண்ணன் கேற்றடிக்கு வந்து சொன்னான். "தங்கச்சிக்கு அம்மாள் போட்டிருக்கு. உடம்பெல்லாம் கொப்புளம்."

கண்காட்சியைப் பார்வையிட வேண்டிய கல்விக் கந்தோர்ப் பெரியவர் அப்போதே வந்துவிட்டார். பக்கத்து வகுப்பின் எரிமலைக்கு முன்னால் நின்றார். அடுத்தது நாங்கள்.

மிஸ் முற்றத்தின் நடுவில் நின்றா. நெற்றியைத் துடைத்தா.

"பதினொரு பிளஸ். பத்து மைனஸ்," என்றா. "எண்ணுங்கோ பாப்பம்."

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். எண்ணினாலும் அதேதான்.

"ஒரு இடம் வெறுமையா இருந்தா என்ன மிஸ்? ஆர் எண்ணப் போகினம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எண்ணுறதுக்குத்தான் அவர் வாறார். முன்னால மாட்டியிருக்கிற போட்டில என்ன எழுதியிருக்கு? நடுநிலையான சோடியம் அணு. பிழையானதைக் காட்டேலாது."

பக்கத்து வகுப்பில் ஆள் கேட்டு ஓடினார்கள். அவர்களுடைய எரிமலை முதல் தரம் கக்கவில்லையாம். எல்லோரும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நியூத்திரன்ல ஒண்டை எடுப்பம் மிஸ்."

"அதுகளை ஓடவிட்டா அம்மாவிட்டத்தான் ஓடுங்கள்."

மிஸ் ஒரு நிமிடம் யோசித்தா. பிறகு சொன்னா. "ஒரு வழிதான் இருக்கு. வெறுமையா இருக்கிற இடம் உள்ளுக்கு. உள் வட்டம் நிரம்பித்தான் வெளி வட்டம். அப்ப செல்வி உள்ளுக்கு வா. இப்ப மைனஸ் பத்து. நடுநிலை வேணுமெண்டா பிளஸ்ஸும் பத்து. ஒரு பிளஸ் வெளியில போக வேணும். அப்ப இது சோடியம் இல்லை. நியோன். போட்டை மாத்தி எழுதலாம்."

"நியோன் எண்டா கடை போட்டில எரியிறதெல்லே மிஸ்?"

"ஓம். அதுதான். கெதியா."

நான் வெளி வட்டத்தில் நின்றேன். நியோனுக்கு வெளி வட்டம் இல்லை. இரண்டும் எட்டும், அதோடு சரி. சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. காலையில்தான் கீறியது. காலை எடுக்க மனம் வரவில்லை.

"ஆர் மிஸ் போறது? பிளஸ்ஸில?"

எல்லோரும் துஷியைப் பார்த்தார்கள். அவள்தான் கடைசியாக மாறி வந்தவள். அவள் அட்டையின் முடிச்சைப் பிடித்தாள்.

இதெல்லாம் தாய்மாருக்கு முன்னால்தான் நடந்தது. வளையல் சத்தம் கேட்டது.

"என்ன மிஸ், என்ட பிள்ளையை ஏன் வெளியில எடுக்கிறீங்க? பிளஸ் எண்டுதானே குடுத்தனீங்க?"

"ஒரு மைனஸ் வரேல்லை அம்மா. அதால ஒரு பிளஸ்ஸும் நிக்கேலாது."

தாய்மார் வரிசையாக நின்றார்கள். மிஸ் அவர்கள் பக்கம் பார்த்தா. ஒருத்தி கைப்பையைத் திறந்து எதையோ தேடினா. ஒருத்தி ஜம்பு மரத்தை அண்ணாந்து பார்த்தா.

நான் வகுப்பறைக்குள் போனேன். ஆணியிலிருந்து நீல அட்டையை எடுத்தேன். நேரே துஷியின் அம்மாவிடம் போய் நீட்டினேன்.

"அன்ரி, ஒரு மைனஸ் குறையுது. நீங்க வாறீங்களா?"

"நானோ?"

"ஓம்."

"எனக்கென்ன விசரே பிள்ளை?"

"நீங்க வந்தா துஷி நிப்பா. நானும் வெளியில ஓடுவன்."

அந்த வருடத்தில் பள்ளிக்கூடத்தில் நான் ஒரே மூச்சில் கதைத்த மிக நீண்ட கதை அது. அட்டை என் கையிலேயே இருந்தது. கை நோகத் தொடங்கியது. நான் இறக்கவில்லை.

அன்ரி என்னைப் பார்த்தா. பிறகு துஷியைப் பார்த்தா. துஷி முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். பிறகு ஸ்டூடியோ நானாவைப் பார்த்தா. அவர் கமராவைத் தூக்கிக்கொண்டு ஆயத்தமாக நின்றார். பக்கத்து வகுப்பில் திடீரென்று கை தட்டினார்கள். எரிமலை கக்கிவிட்டது.

"மிஸ், ஒரு பிளஸ் நிக்கிறதுக்கு ஒரு மைனஸ் வேணுமோ?"

"ஓம் அம்மா. ஒண்டுக்கு ஒண்டு."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான் அம்மா."

அன்ரி செருப்பைக் கழற்றினா. கைப்பையைக் கீழே குந்தியிருந்த ஒரு நியூத்திரனின் மடியில் வைத்தா. "இதைப் பிடி மகன். ஆரும் கேட்டாக் குடுக்காத." சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினா. குனிந்து எனக்குக் கழுத்தைக் காட்டினா. நான் அட்டையை மாட்டி, பின்னால் முடிச்சுப் போட்டேன். பவுண் சங்கிலிக்கு மேல் நீல மைனஸ்.

"எங்க நிக்கிறது?"

"ரெண்டாம் வட்டம் அன்ரி. இந்தக் கோட்டில. முன்னால போறவளை இடிக்காதீங்கோ."

பெரியவர் வந்து நின்றார். மிஸ் மைக்கைப் பிடித்தா. "இது நடுநிலையான சோடியம் அணு. நேரேற்றம் பதினொன்று. மறையேற்றம் பதினொன்று." விசில் ஊதினா.

நாங்கள் ஓடினோம்.

நான் வெளி வட்டத்தில் ஓடினேன். ஜம்பு மரத்தடி, அதிபர் அறை வாசல், கேற்றடி, திரும்ப ஜம்பு மரத்தடி. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே அந்தப் பச்சைச் சீலை எனக்குப் பக்கவாட்டில் வந்து போனது. அன்ரி முதல் சுற்றில் நடந்தா. இரண்டாம் சுற்றில் கொஞ்சம் வேகம். பின்னால் வந்த பிள்ளைகள் "அன்ரி, கெதியா! அன்ரி, கெதியா!" என்று நெருக்கினார்கள். மூன்றாம் சுற்றில் அவ ஓடினா. துஷி மாதிரியே, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து. வளையல்கள் அத்தனையும் சத்தம் போட்டன. நடுவில் துஷி துள்ளித் துள்ளிக் கத்தினாள். "அம்மா! அம்மா!" புரோத்தன் துள்ளக்கூடாது. அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கேற்றடியால் திரும்பும்போது கம்பிக்கு வெளியே அப்பாவைக் கண்டேன். கைவண்டியை றோட்டில் விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். நான் நிற்கவில்லை. நின்றால் அணு நின்றுபோகும்.

மிஸ் விசில் ஊதினா. நாங்கள் அந்தந்த இடத்தில் நின்றோம். அன்ரி நிற்கவில்லை. அவவுக்கு விசில் கேட்கவில்லை. நின்ற பிள்ளைகளைச் சுற்றி விலத்திக்கொண்டு, தனியாக இன்னொரு சுற்று ஓடினா. பெரியவர் உட்பட முற்றம் முழுக்கச் சிரிப்பு.

ஸ்டூடியோ நானா கமராவை இறக்கிவிட்டுக் கத்தினார். "மைனஸ் அன்ரி! ஓய், மைனஸ் அன்ரி! கொஞ்சம் நில்லுங்க! படம் ஆடுது!"

அப்போதுதான் நின்றா. மூச்சு வாங்கியது. சுற்றிப் பார்த்தா. எல்லோரும் நிற்பதைக் கண்டா. பிறகு அவவும் சிரித்துவிட்டா. நானா அந்த நேரம் பார்த்து எடுத்தார்.

அன்று பின்னேரம் அப்பா கேட்டார். "ஆர் அந்த மனுசி?"

"துஷியின்ட அம்மா. மைனஸ் அன்ரி."

"நல்லா ஓடினா."

தலைப்பாகையை மடித்து வைத்தார். பிறகு, "நீயும்," என்றார்.

பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. செட்டியார் தெருவில் அடுத்த கடைக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவவுக்குக் கோபம் வரவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டிவைத்தா. நகை வாங்க வருகிறவர்களிடம், "நடுவில நிக்கிறது மகள். பிளஸ். அவ நிக்கிறதுக்காக நான் ஓடினனான்," என்பா. வெளி வட்டத்தில் நிற்கிறவளையும் விரலால் தொட்டுக் காட்டுவா. அந்தப் படத்தில் என் முகத்துக்கு முன்னால் ஒருவருமில்லை. முழு ஆளாக நிற்கிறேன். கால் இரண்டும் வெள்ளை.

பிறகு துஷிக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் அந்தப் படத்தைத்தான் முதலில் பார்த்தார்களாம். தாயின் நெஞ்சில் மைனஸ். பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். கலியாணம் அந்தச் சிரிப்பிலேயே பேசி முற்றாகிவிட்டது என்று அன்ரி சொல்லுவா.

போன மாதம் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனேன். பள்ளிக்கூட முற்றம் இல்லை. அந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. தரைக்குப் பளபளப்பான ஓடு பதித்திருக்கிறார்கள். ஜம்பு மரமும் இல்லை. சுவருக்கு இப்போது வாளிப் பெயின்ற் அடிக்கிறார்கள். அதற்கு வேறு மணம். சுண்ணாம்பைக் காண்பதே அருமை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் போன் திருத்துகிற கடை. வனஜா மிஸ் மாற்றலாகிப் போனவ, எங்கே என்று தெரியாது. அப்பா இல்லை. துஷி கனடாவில். நகைக்கடையை விற்றுவிட்டார்கள்.

அன்ரி மட்டும் வெள்ளவத்தையில் இருக்கிறா. கடற்கரைப் பக்கத்தில் ஒரு தொடர்மாடி வீடு. அந்தப் படம் இப்போது அவவுடைய கூடத்தில் மாட்டியிருக்கிறது. வெயில் பட்டுப் பிளஸ்ஸின் சிவப்பெல்லாம் மங்கி ரோஸ் நிறமாகிவிட்டது. நீலம் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் என்னிடம்தான் பற்றிஸ் எடுப்பா. போன் வரும்.

"செல்வி, நான் மைனஸ் அன்ரி கதைக்கிறன். முப்பது பற்றிஸ். உறைப்புக் குறைச்சு."

"ஓம் அன்ரி."

"பின்னேரம் வருவியோ?"

"வருவன்."

பின்னேரங்களில் நாங்கள் மரைன் டிரைவில் நடக்கிறோம். அவவுக்கு முழங்காலில் வருத்தம். மெதுவாகத்தான் நடப்பா. இரண்டு பேரும் அதிகம் கதைப்பதில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாகனம். ரயில் போனால் நின்று பார்ப்போம். நடக்கத் தொடங்கும்போது அவ தானாக உட்பக்கத்துக்குப் போவா. நான் வெளிப்பக்கம் வருவேன்.